சமுதாயக் கல்லூரியின் சாதனை எது? புதுச்சேரி முதல் ஹவுரா வரை ஒரு விளக்கம்

ஹவுரா: ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள ஹவுராவின் வார்ப்பட ஆலைகளில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் தொழிலாளிக்கு இருபது ஆண்டு அனுபவம் இருக்கலாம். அந்த அனுபவத்துக்குச் சான்றளிக்கும் ஒரு தாள் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை. அவருடைய மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குப் பணமும் காலமும் இன்றி நிற்கும்போது, எந்தக் கல்லூரி அவர்களுக்குக் கதவைத் திறக்கும்? இந்தக் கேள்விக்கு விடையாக இந்தியாவில் முன்வைக்கப்பட்டதே சமுதாயக் கல்லூரி.

வழக்கமான கல்லூரி ஒன்றின் சாதனைகளைப் பட்டியலிடுவது எளிது. பல்கலைக்கழகத் தரவரிசை, தங்கப் பதக்கம், வளாக நேர்காணலில் கிடைத்த உயர்ந்தபட்ச ஊதியம் என அது நீளும். சமுதாயக் கல்லூரியை அளக்கும் கோல் வேறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தனர், முடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊரிலேயே வேலை கிடைத்தது, அங்கு பெற்ற சான்றிதழை மேற்படிப்புக்கு வேறொரு கல்லூரி ஏற்றுக்கொண்டதா என்பனவே அங்கு கேட்கப்பட வேண்டிய கேள்விகள். முதல் இரண்டுக்கும் ஓரளவு விடை உண்டு. மூன்றாவது கேள்வி கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத சிக்கலாகவே நீடிக்கிறது.

தமிழ் மண்ணில் தொடக்கம்

சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு ஆறு மாணவர்களுடன் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியே அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு அந்தப் பெயர் பரவலானது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மனைவி ஜில் பைடன், வெள்ளை மாளிகையில் வசித்த காலத்திலும் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள இத்தகைய கல்லூரி ஒன்றில் ஆசிரியராகத் தொடர்ந்தார்.

இந்தியாவில் இதன் முதல் விதை தமிழ் பேசும் மண்ணில் விழுந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தனது சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் சார்பில் சென்னை சமுதாயக் கல்லூரி உருவானது. இந்த இயக்கத்துக்கு உழைத்தவர்களில் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் முதன்மையானவர். அவர் இயக்குநராக இருந்த சமுதாயக் கல்விக்கான ஆய்வு, வளர்ச்சி மையம் சென்னையிலிருந்து பல மாநிலங்களுக்கு இந்த முறையைக் கொண்டு சென்றது. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகள் வழியாகத் தொழிற்பட்டயப் படிப்புகளை வழங்கியது.

சென்னை முறையில் பாடத்திட்டம் வாழ்க்கைத் திறன், தொழில்திறன், களப்பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் என்ற நான்கு பகுதிகளைக் கொண்டது. இதில் வாழ்க்கைத் திறன் முதலில் வைக்கப்பட்டது தற்செயலன்று. பள்ளியில் தோற்றவர், இடையில் நின்றவர், திருமணத்துக்குப் பின் படிக்க வருபவர் ஆகியோரே இந்தக் கல்லூரிகளின் இலக்கு மாணவர்கள். கருவியைக் கையில் கொடுக்கும் முன் அவர்களுடைய தயக்கத்தைப் போக்க வேண்டும் என்பது இந்த முறையை வகுத்தவர்களின் எண்ணம்.

வளாகத்தில் ஒரு நாள்

இத்தகைய கல்லூரியின் வளாக வாழ்க்கை, பட்டப்படிப்புக் கல்லூரியின் வாழ்க்கையைப் போன்றதன்று. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி பாடத்தின் 60 விழுக்காடு தொழில்திறனுக்கும் 40 விழுக்காடு பொதுக்கல்விக்கும் உரியது. வயது வரம்பு கிடையாது. ஆகவே பதினெட்டு வயது இளைஞரும், ஏற்கெனவே பணியில் இருந்துகொண்டு தகுதியை உயர்த்திக்கொள்ள விரும்பும் நாற்பது வயதுக்காரரும் ஒரே வகுப்பில் அமரலாம். பயிற்சியின் பெரும்பகுதி வளாகத்துக்கு வெளியே, உள்ளூர்த் தொழிற்கூடத்திலோ மருத்துவமனையிலோ நடைபெற வேண்டும். அந்த வட்டாரத்தில் எந்தத் தொழில் இருக்கிறதோ அதற்கேற்பவே படிப்பும் அமைய வேண்டும் என்பது அடிப்படை விதி.

வங்காளத்தில் கல்விக்கும் கருவிக்கும் தனித்தனித் திருநாள்கள் உண்டு. ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும் வசந்த பஞ்சமியன்று மாணவர்கள் சரஸ்வதி பூஜை செய்கின்றனர். ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஹவுராவில் செப்டம்பர் 17-ஆம் நாளையொட்டி வரும் விஸ்வகர்மா பூஜையன்று இயந்திரங்கள் ஓய்வெடுக்கும், வானில் பட்டங்கள் பறக்கும். தமிழகத்தில் நூலும் கருவியும் நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் ஒரே பூஜையில் வைக்கப்படுகின்றன. சமுதாயக் கல்லூரி தமிழ்ப் பகுதியில் முதலில் வேர்விட்டதற்கு இது காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அறுபதுக்கு நாற்பது என்ற அந்தப் பங்கீட்டைத் தமிழ் வாசகருக்கு விளக்க இதைவிட எளிய உவமை இல்லை.

ஹவுராவின் கைத்திறன்

ஹவுரா ஒரு காலத்தில் கிழக்கின் ஷெஃபீல்டு என்று அழைக்கப்பட்டது. வார்ப்படம், பொறியியல் பட்டறை, சணல் ஆலை ஆகியவை அதன் அடையாளங்கள். மாவட்டத்தின் பாஞ்ச்லா பகுதியில் ஜரிகை வேலை, உலுபேரியாவில் பூப்பந்து தயாரிப்பு, டோம்ஜூரில் நகைத் தொழில் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. உள்ளூர்த் தொழிலை நம்பிப் பாடம் வகுக்க வேண்டிய சமுதாயக் கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

நியூயார்க் நகரத் தெருக்களில் காணப்படும் பாதாளச் சாக்கடை மூடிகளில் பல ஹவுரா ஆலைகளில் வார்க்கப்பட்டவை. வெறுங்காலுடன், மேலாடையின்றி உருகிய இரும்பைச் சுமந்து செல்லும் தொழிலாளர்களின் புகைப்படங்களை 2007-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று வெளியிட்டபோது, அந்நகரின் மின் விநியோக நிறுவனம் தனது கொள்முதல் ஒப்பந்தங்களில் பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்ப்பதாக அறிவித்தது. இந்த மூடிகளின் பயணத்தைப் பற்றி ‘காஸ்ட் இன் இந்தியா’ என்ற ஆவணப்படமும் 2014-இல் வெளிவந்தது.

வார்ப்படத் தொழிலில் கல்லூரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மணல், களிமண், நீர் ஆகிய மூன்றையும் கலந்தே அச்சு செய்யப்படுகிறது. நீர் மிகுந்தால், கொதிக்கும் இரும்பு பட்டதும் அது நீராவியாகி உலோகத்துக்குள் குமிழிகளை உண்டாக்கும். வெளியே பளபளக்கும் வார்ப்பு, உள்ளே ஓட்டையாக இருக்கும். நீர் குறைந்தால் அச்சு உதிர்ந்துவிடும். அனுபவசாலி ஒருவர் ஒரு பிடி மணலை அழுத்தி, அது உடையும் விதத்தைப் பார்த்தே ஈரப்பதத்தைக் கணித்துவிடுவார். ஏற்றுமதி வாடிக்கையாளர் கேட்பது அளவிட்டுப் பதிவு செய்த எண்ணை. கையின் கணிப்பை எண்ணாக எழுதவும், பிழை நேர்ந்தால் காரணத்தைக் கண்டறியவும் பழக்குவதற்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு போதும். நான்காண்டுப் பொறியியல் பட்டம் இதற்குத் தேவையில்லை. கோவையின் ஃபவுண்டரிகளை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இதே மாவட்டத்தில்தான் நாட்டின் மிகப் பழைய பொறியியல் கல்லூரிகளுள் ஒன்றும் இயங்குகிறது. 1856-இல் கொல்கத்தாவில் தொடங்கி, 1880-இல் சிப்பூருக்கு இடம்பெயர்ந்த அந்தக் கல்லூரி, 2014-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பொறியியல், அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்தது. அதன் வாயிலுக்கும் வார்ப்பட ஆலையின் வாயிலுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். இரண்டுக்கும் இடைப்பட்ட படிக்கட்டு எது என்பதே கேள்வி.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவற்றுள் பேலூரின் ராமகிருஷ்ண மிஷன் சாரதா பீடம் குறிப்பிடத்தக்கது. விவேகானந்தர் மறைந்த ஜூலை 4-ஆம் நாளைத் தேர்ந்தெடுத்து, 1941-இல் அங்கு வித்யாமந்திரா கல்லூரி தொடங்கப்பட்டது. காலப்போக்கில் பாலிடெக்னிக் கல்லூரியான ஷில்பமந்திரா, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, மக்கள் கல்விக்கான ஜனஷிக்ஷாமந்திரா ஆகியவை அதே பீடத்தின்கீழ் வளர்ந்தன. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர்ப்பலகை இல்லாமலே, பட்டப்படிப்பும் தொழிற்கல்வியும் வயதுவந்தோர் கல்வியும் அடுத்தடுத்த வளாகங்களில் நடைபெறும் ஏற்பாடு இது. தமிழகத்தில் அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை இதனுடன் ஒப்பிடலாம். பேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-இல் உருவான விவேகானந்தா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குக் கோவையிலும் ஒரு மையம் உண்டு.

சான்றிதழின் மதிப்பு

திட்டம் கைமாறிய ஒவ்வொரு முறையும் மாணவர் பெற்ற சான்றிதழின் மதிப்பு கேள்விக்குள்ளானது. சமுதாயக் கல்லூரி வரலாற்றின் வலி மிகுந்த பகுதி இதுவே.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-இல் நாடு தழுவிய சமுதாயக் கல்லூரித் திட்டத்தை அறிவித்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவு செய்தன. இரண்டாண்டு படித்தால் இணைநிலைப் பட்டம் என்று சொல்லப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் சேர்ந்த மாணவர்களுக்குத் தங்கள் சான்றிதழை யார் ஏற்பார்கள் என்ற கவலையே மிஞ்சியது.

இதனிடையே 2012-இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டைத் தொடர்ந்து, அப்போதைய மத்தியப் பிரதேச அமைச்சர் அர்ச்சனா சிட்னிஸ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. தனிக் கட்டடம் எழுப்பாமல், இயங்கிவரும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரியை நடத்துவது அதன் முக்கிய மாற்றம். அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2014-இல் இளநிலைத் தொழிற்கல்விப் பட்டமான பி.வோக். வந்தது. ஆறு மாதத்துக்கு 30 மதிப்பீட்டுப் புள்ளிகள் பெற்றால் சான்றிதழ், ஓராண்டுக்கு 60 பெற்றால் பட்டயம், இரண்டாண்டுக்கு 120 பெற்றால் உயர்பட்டயம், 180 பெற்றால் பட்டம் என்ற ஏணி உருவானது. பி.வோக். மற்ற பட்டங்களுக்கு இணையானது என்றும் போட்டித் தேர்வுகளுக்குத் தகுதியுடையது என்றும் மானியக் குழு தெளிவுபடுத்தியுள்ளது. அப்படித் தெளிவுபடுத்த நேர்ந்ததே அதன் மீதான ஐயத்துக்குச் சான்று.

தேசியக் கல்விக் கொள்கை 2020 மேற்கோள் காட்டும் ஒரு கணக்கு கவனத்துக்குரியது. 19 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜெர்மனியில் 75 விழுக்காடு, தென்கொரியாவில் 96 விழுக்காடு. கைத்தொழில் மரபுக்குப் பெயர்பெற்ற நாட்டில் இந்த எண், திறன் இல்லை என்பதைக் காட்டவில்லை. திறனுக்குத் தாள் இல்லை என்பதையே காட்டுகிறது.

2021-இல் மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கிக்கான விதிகள் வெளியாயின. 2023-இல் தேசிய மதிப்பீட்டுப் புள்ளிக் கட்டமைப்பு வந்தது. அதன்படி ஓராண்டுப் படிப்பு 1,200 கற்றல் மணி நேரம், அதாவது 40 புள்ளிகள். பழைய முறையில் ஓராண்டு என்பது 60 புள்ளிகள். முன்பு ஓராண்டுப் பட்டயம் ஐந்தாம் நிலையில் இருந்தது. இப்போது அந்த நிலைக்கு இரண்டாண்டு படிக்க வேண்டும். ஆகவே பழைய சான்றிதழில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மேற்படிப்பில் இடம் கேட்பவர் குழம்ப வாய்ப்புண்டு. சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவரும் குழம்பலாம்.

மாநிலங்களின் நிலைப்பாடும் ஒன்றுபோல் இல்லை. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகத் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டு சென்றது. மேற்கு வங்கம் 2023-இல் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வகுத்ததோடு, நான்காண்டுப் பட்டப்படிப்பையும் அறிமுகப்படுத்தியது. அம்மாநிலத்தின் ‘உத்கர்ஷ் பங்களா’ திறன் பயிற்சித் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது.

போக்குவரத்தும் சிறிய செய்தியன்று. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குக் கல்லூரி அருகில் இருக்க வேண்டும். ஹவுரா மைதானத்திலிருந்து ஆற்றின் அடியில் கொல்கத்தாவின் எஸ்பிளனேடு வரை செல்லும் மெட்ரோ ரயில் 2024 மார்ச் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆற்றுக்கு அடியில் உள்ள 520 மீட்டர் தொலைவை ரயில் 45 வினாடிகளில் கடக்கிறது. மறுகரையில் உள்ள மாலை நேர வகுப்பு ஹவுரா மாணவருக்கு இதனால் எட்டும் தொலைவுக்கு வந்திருக்கிறது.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

சமுதாயக் கல்லூரியில் சேர விரும்புவோர், சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிய வேண்டும். கல்லூரியின் பெயர் மட்டும் போதாது. படிப்பு திறன் தகுதிக் கட்டமைப்பின் எந்த நிலையில் உள்ளது, எந்த ஆண்டின் விதிப்படி புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன, அவை மாணவரின் கல்வி வங்கிக் கணக்கில் பதிவாகுமா என்பதையும் சேர்க்கையின்போதே உறுதி செய்துகொள்ளலாம். களப்பயிற்சி அளிக்கும் தொழில் நிறுவனத்துடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உள்ளதா, பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா என்று கேட்பதற்கும் மாணவருக்கு உரிமை உண்டு. வார்ப்பட ஆலை போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுவோர் இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்பது நல்லது.