வடிவமும் புதுப்புனைவும்

புதியதொன்றைப் புனைந்தோனுக்கு அரசு குறித்த காலத்துக்கு வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமையாகும். ஒரு பொருள் புதிதாயிருத்தல் மட்டும் இவ்வுரிமைக்குப் போதாது. அத்துறையிற் பொதுத்தேர்ச்சி பெற்ற ஒருவனுக்கு அஃது எளிதிற் புலப்படத்தக்கதாயின் உரிமை மறுக்கப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு இவ்விதியைக் கூறுகின்றது. வேறுபாடு வடிவத்தில் மாத்திரம் அமையுமிடத்து இவ்விதியைப் பிரயோகித்தல் எளிதன்று.

கணினியின் காந்தத்தட்டு இயக்கியிலுள்ள வழுக்கி என்னுஞ் சிற்றுறுப்பு இதற்குத் தக்க உதாரணமாகும். காந்தத் தலையைத் தாங்கும் இவ்வுறுப்பு, சுழலுந் தட்டைத் தொடாது மெல்லிய காற்றுப்படலத்தின்மேல் மிதக்கின்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட தட்டியக்கியில், அழுத்திய காற்றைப் புறத்திலிருந்து செலுத்தியே இவ்விடைவெளியைப் பேணினர். பின்னர் வழுக்கியின் வடிவமே அத்தொழிலை ஏற்றது. முன்விளிம்பு சிறிது சரிவாயிருப்பின், தட்டு இழுத்துவருங் காற்று ஆப்புப்போன்ற இடைவெளியில் நெருக்குண்டு வழுக்கியை உயர்த்தும். அடிப்பரப்பில் ஆழங்குறைந்த குழிவொன்றை அமைப்பின், அங்கே அழுத்தங் குறைந்து வழுக்கி தட்டை நோக்கி இழுக்கப்படும். இவ்விரு விசைகளுஞ் சமநிலையுறுவதால் மிதக்கும் உயரம் பெரிதும் மாறாதிருக்கும்.

இத்தகைய வடிவத்துக்கு உரிமை கோரப்படின் அதனை ஆராயும் முறையை, 1966இல் கிரகாம் எதிர் ஜோன் டியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. முன்னைய அறிவின் எல்லை யாது, அதற்கும் கோரப்பட்டதற்குமுள்ள வேறுபாடு யாது, அத்துறையினரின் பொதுத்தேர்ச்சி எத்தகையது என்பன முதலில் ஆராயப்படும். நெடுநாள் நிறைவேறாத தேவை, பிறரின் தோல்வி, வாணிக வெற்றி என்பனவும் துணைச்சான்றுகளாம்.

அதே ஆண்டில் டெயிலி வழக்கில், குழந்தைக்குப் பாலூட்டுங் கலமொன்றின் வடிவம் ஆராயப்பட்டது. அவ்வடிவத்தாற் சிறப்பான பயன் விளைந்தமை காட்டப்படாமையின், அது விருப்பத்தெரிவு மாத்திரமே எனச் சுங்க, ஆக்கவுரிமை மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே வழுக்கியின் மூலையொன்றை வாளா வளைத்தவன் உரிமை பெறான். ஆப்புவடிவ இடைவெளியில் அழுத்தம் எழுதலை 1886இலேயே ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் கணிதத்தால் விளக்கினாராதலின், சரிவு என்னும் கருத்தும் புதிதன்று. சரிவின் அளவை வழக்கமான சோதனையாற் சீர்ப்படுத்தலும் பொதுவாகப் புனைவாகாது. முன்னைய நூல்கள் சுட்டாததொரு குழிவால் எதிர்பாராத நிலைபேறு விளைந்ததெனக் காட்டுபவனின் நிலையோ வேறு.

2007இல் கே.எஸ்.ஆர். எதிர் ரெலிஃபிளெக்ஸ் வழக்கில், பொதுத்தேர்ச்சியாளன் வெறும் பொறியல்லன், அவனுக்குஞ் சாதாரண ஆக்கத்திறன் உண்டு என உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னோக்கிப் பார்க்கும் பிழையையும் அஃது எச்சரித்தது. விடையைக் கண்டபின் எவ்வடிவமும் எளிதாகவே தோன்றும். எளிதில் உரிமை வழங்கின் தொழிலாளர் யாவர்க்கும் பொதுவான அறிவு ஒருவன் உடைமையாகும். எளிதில் மறுப்பின் உண்மைப் புனைவாளன் உழைப்பின் பயனை இழப்பான். வடிவம் எத்துணை மாறிற்று என்பதிலும், அம்மாற்றத்தை முன்னரே எண்ணத் தூண்டியது யாது, அதனால் விளைந்தது யாது என்பனவே நடுநிலையான தீர்ப்புக்கு அடிப்படையாம்.