வீட்டுக் கொட்டகையில் ஒரு ‘குரூசர்’

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பார்க்கும் ஆசை நம்மவருக்குப் புதிதல்ல. கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு ‘ரட்ஜ்’ வண்டியை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார் என்பதை நாம் அறிவோம். இன்றைய இளைஞர்களின் ஆசை வேறு விதம். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, முன்னே தள்ளிய சக்கரம் கொண்ட ‘குரூசர்’ வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைகளில் வளர்ந்த இந்த மோகத்தை உலகெங்கும் பரப்பியது 1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படம் எனலாம்.

என் தம்பி மகனையும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது. அவனுக்குத் திருப்பதியில் வேலை. நான் ஓய்வுபெற்றபின் இருப்பது சித்தூரில். 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றாலும், ஞாயிறுதோறும் அவன் இங்கு வருவது நிற்கவில்லை. எங்களிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிய வண்டி. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்.

“பெரியப்பா, முன்சக்கரம் படத்தில் இருப்பதுபோல் தள்ளி நிற்க வேண்டும். ஃபிரேமின் கழுத்தை வெட்டிச் சாய்த்து ஒட்டினால் போதுமாம். பட்டறையில் இரண்டே நாளில் முடித்துத் தருகிறார்களாம்” என்றான்.

“வெட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்போமடா” என்றேன்.

கணக்கு இதுதான். கைப்பிடி சுழலும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது ஓரிடத்தில் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குச் சற்றுப் பின்னால். இந்த இடைவெளியை ‘டிரெயில்’ என்பர். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் இழுக்கும் பக்கம் தானே திரும்பிக்கொள்வதும் இந்த இடைவெளியால்தான். சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., ஃபோர்க்கின் முன்தள்ளல் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு செங்குத்திலிருந்து 27 டிகிரி சாய்ந்தால் டிரெயில் 96 மி.மீ. அதையே 37 டிகிரி ஆக்கினால் 166 மி.மீ.! நேர்சாலையில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் ஓடும். மெதுவாகத் திருப்பும்போதோ கைப்பிடி கனத்து ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வு விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

நம் ஊரில் நேர்சாலை மட்டுமா இருக்கிறது? திருமலைக்கு 1944-இல் திறந்த பழைய பாதை இன்று இறங்குவதற்கும், 1974-இல் வந்த புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட வண்டியைத் திருப்புவது யாருக்கும் எளிதன்று.

ஒட்டின இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே இரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்டனர். நன்றாக இருந்த இரும்பு ஏன் முறிகிறது என்ற கேள்விக்குப் பின்னாளில் ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் வோலர் சோதனைகள் நடத்தி விடை கண்டார். ஒரே சுமை லட்சக்கணக்கான தடவை மாறி மாறி விழும்போது, தாங்கக்கூடிய சுமையிலும் உலோகம் களைத்து விரிசல் காணும். வெல்டிங் ஓரங்கள் இதற்கு முதல் இரை. ஒற்றைச் சிலிண்டர் அதிர்வும் சாலைக் குழியும் சேர்ந்து தாக்கும் இடம் அந்தக் கழுத்துதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

பையன் காகிதத்தைப் பார்த்தபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கழுத்தை விட்டுவிடுவோம் பெரியப்பா, மற்றதைச் செய்வோம்” என்றான். அன்றுதான் எங்கள் வண்டி பிறந்தது என்பேன்.

ஃபிரேம், எஞ்சின், சைலன்சர், நிறம் எதையும் தொடவில்லை. இருக்கையைத் தாழ்த்தி, பழைய துளைகளிலேயே போல்ட் போட்டோம். மட்கார்டை டிங்கரிங் செய்து வளைத்தோம். மட்கார்டுத் தாங்கிகளை மட்டும் வெல்டிங் செய்து, பணிமனையில் செய்வதுபோல் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்து விரிசல் பார்த்தோம். அகன்ற, உயர்ந்த கைப்பிடிக்கு நீளமான கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் கேபிள்கள் போட்டோம்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஓட்டத்தின் ஒலி சிறிதளவு கூடினாலும் கேபிள் நீளம் போதவில்லை என்று பொருள். வளைவில் திரும்பும்போது ஆக்சிலேட்டர் தானாகத் திறந்துகொள்ளும், அது பேராபத்து.

எட்டு மாத ஞாயிறுகள் ஆயின. சித்தூர்–திருப்பதி சாலையில் பலமுறை ஓட்டிய பிறகே மலைப்பாதைக்கு விட்டேன். படத்தில் உள்ளதுபோல் முன்சக்கரம் நீளவில்லைதான். ஆனால் எல்லா வளைவிலும் வண்டி சொன்னபடி திரும்பியது. இப்போது அவன் நண்பர்கள் வெட்டும் யோசனையோடு வந்தால், அவனே முதலில் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வைக்கிறான்.