பால்மரத்தின் முள் சொந்தங்கள்

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு தாமான் வீடு. கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் வரிசையாகச் சட்டிகள். ஒன்றில் பந்து போல் உருண்டையான ஒரு செடி. இலை இல்லை, முள்ளும் இல்லை. உடம்பில் எட்டு விலா எழும்பி, அதன் மேல் ஊசியால் தையல் போட்டது போலப் புள்ளிகள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இது என்ன கேக்டஸ்?" என்பதுதான். தோட்டப்புறத்தில் பால் வெட்டிப் பழகிய குடும்பத்தாரிடம், "இது உங்கள் பால்மரத்துக்குச் சொந்தம்" என்றால் சிரிப்பார்கள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு அல்ல, தாவரவியல் சொல்லும் உண்மை.

ரப்பர் மரம், மரவள்ளி, ஆமணக்கு, நம் ஊர்க் கள்ளி எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. யூஃபோர்பியா என்ற கள்ளி இனத்தின் பெயரால்தான் அந்தக் குடும்பமே அழைக்கப்படுகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனதும், அடுத்த ஆண்டே அங்கு முளைத்த நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும் பலரும் அறிந்த கதை. அதன் பிறகுதான் கெடாவின் காடுகள் தோட்டங்களாயின, நம் முன்னோர் லயத்துக்கு வந்தார்கள். உறவுக்குச் சாட்சி வேண்டுமா? ரப்பர் காயை நினைத்துப் பாருங்கள். மூன்று அறைகள், வெயில் ஏறியதும் 'டப்' என்று வெடித்து விதை தூரத்தில் போய் விழும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடியது அந்த விதைகளைத்தான். கள்ளியின் காயும் பொதுவாக இப்படித்தான், மூன்று அறை, ஒரு வெடிப்பு. அளவுதான் சிறியது.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம் எனலாம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை யூஃபோர்பியா வகை. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ். தமிழில் இரண்டும் கள்ளிதான். பிரித்தறிவது எளிது. ஊசி முனையால் தண்டை லேசாகக் குத்தினால் வெள்ளைப் பால் கசிந்தால் அது யூஃபோர்பியா. கேக்டஸில் பொதுவாகத் தண்ணீர் போன்ற சாறுதான் வரும். சங்கப் புலவர்கள் பாலைத்திணைப் பாடல்களில் சொன்ன கள்ளி, பால் வடியும் இந்த இனம்தான். சப்பாத்திக்கள்ளி அப்போது கடல் தாண்டி வரவே இல்லை.

சரி, வறண்ட நிலத்துச் செடி கெடாவில் எப்படிப் பிழைக்கும்? எட்டு விலாக்காரனின் பெயர் யூஃபோர்பியா ஒபிசா. தென்னாப்பிரிக்காவின் காரூ வறண்ட வெளியில் ஆண்டுக்கு 200 முதல் 300 மில்லிமீட்டர் மழையில் வாழ்ந்து பழகியது. கெடாவில் பெய்வது அதைப் போல் பல மடங்கு. குளிர்நாட்டில் கண்ணாடி வீடு கட்டுவது சூட்டைச் சேர்த்து வைக்க. நமக்குச் சூடு தேவைக்கு மேலேயே இருக்கிறது. இங்கே செடி வீடு என்பது ஒரு குடை, அவ்வளவுதான். மேலே தெளிந்த பிளாஸ்டிக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு, காற்று புகுந்து வெளியேற வேண்டும். கண்ணாடி வீடு என்ற பெயருக்காக நான்கு பக்கமும் அடைத்துவிட்டு, வெந்து அழுகிய செடியைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் ஆசையாக வாங்கி வரும் குட்டிச் சட்டிகள் கீழே வந்ததும் சாவதற்கும் பெரும்பாலும் ஈரமே காரணம். குளிர்ந்த மலையில் வளர்ந்த செடி, விற்பனைக்காகப் போட்ட பஞ்சு போன்ற மண்ணோடு வருகிறது. நம் மழையில் அந்த மண் காயவே காயாது.

மண் கலவைக்கு வெளிநாட்டுப் பொருள் தேட வேண்டாம். கெடா நெல் விளையும் மாநிலம் ஆயிற்றே! அரிசி ஆலை உமியைக் கருக்கி விற்கிறார்கள். அதோடு கரடான ஆற்று மணல், சிறு செங்கல் துண்டு, அடுப்புக்கரி. தோட்ட மண் கொஞ்சம் போதும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகாமல் உதிர வேண்டும். அடியில் பெரிய ஓட்டையுள்ள மண்சட்டி நல்லது. சட்டி முழுதும் காய்ந்த பிறகே தண்ணீர். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் செடி கொழுகொழுவென்று ஊதி, பிறகு தோல் வெடிக்கும், பூக்காது.

பூக்க வைப்பதற்குப் பால்மரமே பஞ்சாங்கம். தீபகற்பத்தின் வடமேற்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை நன்றாகக் குறையும். அப்போது ரப்பர் மரம் இலையைக் கொட்டும், பால் குறையும், வெட்டுக்காரர்களின் வருமானமும் குறையும். பிறகு தளிர் விட்டுப் பூக்கும். கூரைக்கு அடியில் இருக்கும் கள்ளிகளுக்கும் அதே கணக்கு. அந்த வறண்ட வாரங்களில் தண்ணீரைக் குறைத்து, நல்ல வெயிலில் வைத்து, மொட்டு தெரிந்ததும் மெல்லத் தண்ணீரைக் கூட்டுவது வழக்கம். நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலுக்கு இழுக்கக் கூடாது. தோல் கருகும், அந்தத் தழும்பு ஆறாது. செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் பூவை எதிர்பார்க்காமல் செடியைக் காப்பாற்றினாலே போதும்.

பூ என்று நாம் சொல்வதும் உண்மையில் பூ அல்ல. வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாய்க் குலுங்கும் முள்கிரீடச் செடியை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரில் பிறந்தது, ரியூனியன் தீவு ஆளுநராக இருந்த மிலியுஸ் என்பவர் 1821-இல் பிரான்ஸுக்குக் கொண்டு சென்றதால் யூஃபோர்பியா மிலியை என்று பெயர். அதன் வண்ண இதழ்கள் இரண்டும் வெறும் இலைச் செதில்கள். நடுவில் உள்ள சின்னக் கிண்ணத்துக்குள்தான் பூக்கள் இருக்கின்றன. ஒற்றை மகரந்தக் காம்பு ஓர் ஆண் பூ, மூன்று அறைச் சூலகம் ஒரு பெண் பூ. இதழே கிடையாது. ரப்பர் பூவுக்கும் இதழ் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் இதே செடியைக் கலப்பு செய்து உள்ளங்கை அளவு கொத்துகளாகப் பூக்க வைத்தார்கள். எட்டுப் பூ சேர்ந்து பூத்தால் எட்டுத் தேவர்களும் வீட்டுக்கு வருவார்கள் என்பது சீனர் நம்பிக்கை. புக்கிட் காயு ஈத்தாம் வழியாகப் போய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்கள் அழியும் உயிர் வணிகம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. எந்தச் செடிக்கும் இறக்குமதி அனுமதி கேட்பார்கள். பையில் ஒளித்துக் கொண்டு வருவது வம்பு.

இனி முக்கியமான விஷயம், பால். ரப்பர் பாலோடு வாழ்ந்தவர்களுக்குப் பால் என்றால் பயமே இருக்காது. மங்கில் வடிந்ததை வாளியில் ஊற்றி, கையில் ஒட்டியதைச் சுருட்டி எறிந்து, அதே கையால் நெற்றியைத் துடைத்துப் பழகியவர்கள். கள்ளியிடம் இந்தப் பழக்கம் ஆபத்து. இரண்டும் வெள்ளைதான், ஆனால் கள்ளிப்பாலில் தோலை எரிக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. மொரோக்கோவில் வளரும் ஒரு வகையின் பாலில் உள்ள பொருள், மிளகாய்க் காரத்தைப் போல் ஆயிரம் மடங்கு காரம். பழங்காலத்தில் ஜூபா என்ற மன்னன் தன் வைத்தியர் யூஃபோர்பஸ் பெயரை வைத்தது இந்தச் செடிக்குத்தான். இனத்துக்கே அதுதான் பெயராயிற்று.

தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் முதலில் லேசான எரிச்சல்தான் இருக்கும், "சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் வலி ஏறி, பார்வை மங்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். பட்ட உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். செடியின் சிறு துண்டையோ படத்தையோ எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். கையில் பட்டதற்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீர் போதாது. கிளை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வது கௌரவக் குறைவு அல்ல. காதுவலிக்கு இலைக்கள்ளியை வாட்டிப் பிழிவது, மருவுக்குத் திருகுகள்ளிப் பால் தடவுவது போன்ற பாட்டி வைத்தியங்களை இந்தச் செடிகளிடம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சட்டிகள் உயரமான பலகையில் இருக்கட்டும்.

வெட்டிய கிளையின் நுனியைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். ஒரு வாரம் நிழலில் காய வைத்து நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் உருண்டையான ஒபிசாவுக்குக் கிளையே இல்லை, விதைதான் வழி. 1903-இல் ஜோசப் ஹூக்கர் இதற்குப் பெயர் சூட்டினார். பார்க்க விசித்திரமாக இருந்ததே அதற்கு வினையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டில் அபூர்வமாகிவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் செடி வீடுகளில் விதையிலிருந்து வளர்த்தவை. காட்டில் பிடுங்கியதைக் காசு கொடுத்து வாங்காமல் இருக்கலாம் என்றால், அதற்குக் காரணம் இந்த வளர்ப்பாளர்கள்தான்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் வரை எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு செடி வைத்துக்கொண்டு காய் பிடிக்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. நான்கைந்து குட்டிகளாக வாங்கினால் இரண்டு வகையும் அமைய வாய்ப்பு அதிகம். உச்சியில் மஞ்சள் தூள் தெரிந்தால் ஆண். மூன்றாகப் பிரிந்த சிறு நாக்கு நீட்டினால் பெண். காலை வெயிலில் மெல்லிய தூரிகையால் தூளைத் தொட்டுப் பெண் பூவில் தடவ வேண்டும். பக்கத்தில் வேறு யூஃபோர்பியா பூத்திருந்தால் எறும்பும் ஈயும் கலப்படம் செய்துவிடும், அதைத் தள்ளி வைக்க வேண்டும். காய் உருண்டதும் அதன் மேல் ஒரு துண்டு வலைத்துணியைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மத்தியான வேளையில் 'டப்' என்ற சத்தம் மட்டும் கேட்கும், விதை பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும்.