களிம்புக்கு அடங்காத படை

தொடையிடுக்கில் அரிப்பு என்றால் நம்மில் பலர் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, பார்மசிக்கு. பினாங்கின் டத்தோ கிராமாட்டிலும் அப்படித்தான். குரலைத் தாழ்த்திப் படர்தாமரை மருந்து கேட்டால் போதும்; யாரிடமும் துணியை விலக்கிக் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது படர்தாமரையாகவே இருக்கும், மருந்துக்கு அடங்கியும் விடும். அடங்காதவற்றில் மிக அரிதாக ஒன்று புற்றுநோய்.

அதன் பெயர் மார்புக்கு வெளியே வரும் பேஜட் நோய். 1874இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் மார்புக் காம்பில் ஆறாத புண் ஒன்றை விவரித்தார். அதே மாற்றத்தை 1889இல் ராட்கிளிஃப் குரோக்கர் ஓர் ஆணின் விதைப்பையிலும் ஆண்குறியிலும் கண்டார். அதனால்தான் இந்தச் சுற்றிவளைத்த பெயர்.

பார்வைக்குச் சிவந்த, ஓரம் தெளிவான படை. ஈரம் கசியலாம், நடுவே வெள்ளைச் செதில் இருக்கலாம். விதைப்பை, பெண்ணுறுப்பின் வெளியிதழ், ஆசனவாயைச் சுற்றிய தோல் ஆகியவை அதன் இடங்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வரும். மேலை நாடுகளில் பெண்களுக்கு அதிகம். ஜப்பான், கொரியா, சீனாவில் ஆண்களுக்கு. உடலுறவால் தொற்றுவதல்ல, சுத்தக்குறைவால் வருவதுமல்ல. கூச்சப்பட்டு மறைப்பவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏமாற்றுவது ஸ்டீராய்டு களிம்பு. அரிப்பு குறையும், படை அப்படியே இருக்கும்; ‘கேட்கிறது’ என்று இன்னொரு ட்யூப் வாங்குவோம். இப்படியே வருடங்கள் ஓடிவிடும். ஒன்றரை மாதம் மருந்து போட்டும் ஆறவில்லையா? சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டால், ரெசிடென்சி சாலையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு பக்கத்தில்தான். போட்ட களிம்புகளின் ட்யூப்களையும் எடுத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

சோதனை சின்னது. மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு சில மில்லிமீட்டர் தோல் துண்டு, ஓரிரு தையல். அதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிறப்புச் சாயமிட்டும் பார்ப்பார்கள். ஏனென்றால் சிலருக்கு இந்த நோயின் செல்கள் மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ உள்ள புற்றிலிருந்து வந்திருக்கும். குடலுக்குள் கேமரா விடச் சொன்னால் ‘தோலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்’ என்று மறுக்க வேண்டாம்.

முதன்மைச் சிகிச்சை அறுவைதான். துணியில் விழுந்த எண்ணெய் போல, நோய் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். அல்லது அடுக்கடுக்காக எடுத்து, உடனுக்குடன் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் ‘மோஸ்’ முறையைக் கையாள்வார்கள். வெட்டிய இடம் பெரிதானால் வேறிடத்துத் தோலை ஒட்ட நேரும். அறுவையைத் தாங்காத உடலுக்கு இமிகுவிமோட் களிம்பு உண்டு; வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பூச வேண்டும், தோல் எரியும், புண்ணாகும். கதிர்வீச்சும் ஒரு வழி.

மேல்தோலோடு நிற்கும்போது பிடித்தால் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆழம் இறங்கிவிட்டால் கவட்டு நெறிக்கட்டிகளுக்கும் போகக்கூடும். அறுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும் குணமும் இதற்கு உண்டு, சில வேளை வருடங்கள் கழித்துக்கூட. தையல் ஆறிய பிறகும் மருத்துவமனை தேதி கொடுத்துக் கூப்பிடுவது அதற்காகத்தான்.