விழுந்த மரங்களுக்கு அடியில் ஒரு பெட்டி

ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்காக நானும் மகளும் ஒன்பது மாதம் காத்திருந்தோம். அதற்குள் நகையும் இல்லை, காசும் இல்லை. ஒரு சின்னக் கொப்பி, ஒரு பென்சில், பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துவிட்டுப் போன விளையாட்டுச் சாமான்கள் சில, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் என் கணவரின் கையெழுத்து இருந்தது.

நான் இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நோர்தம்பர்லாந்தில் இருக்கிறேன். இங்கே 'ஜியோகாஷிங்' என்றொரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டிலோ மதில் இடுக்கிலோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை அறிவிப்பார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியுடன் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் ஒன்றை எடுத்தால், அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும்.

செய்மதி வழியாக இடம் காட்டும் முறை அமெரிக்க இராணுவத்தினுடையது. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் அவர்கள் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் நூறு மீற்றர் வரை இடம் மாறிக் காட்டும். 2000 மே மாதம் 2ஆம் திகதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காடொன்றில் ஒரு வாளியை வைத்து, அதன் எண்களை அறிவித்தார். அதற்குள் புத்தகங்களும், ஒரு கவணும், அவரை விதை ரின் ஒன்றும் இருந்தனவாம். இன்று உலகம் முழுவதும் இப்படி மூன்று மில்லியனுக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். காட்டுக்குள் கிடக்கும் பெட்டியைப் பிள்ளைகள் போய்த் திறப்பதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கணவர் இதைப் பற்றிக் கதைத்தபோது "உங்களுக்கென்ன விசரா?" என்று கேட்டேன். எங்கள் மண்ணில் இந்த விளையாட்டு வேண்டாம். தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததை மாற்றத் தேவையில்லை. இங்கேயும் 2011இல் வெதர்பி என்ற நகரில் இப்படியொரு பெட்டியைக் குண்டு என்று சந்தேகித்து இராணுவத்தினர் வெடிக்க வைத்தார்கள். ஆகவேதான் உள்ளே இருப்பது தெரியும்படியான பெட்டியை வைத்து, வெளியில் இன்னதென்று எழுதி ஒட்டுவது நல்லது என்கிறார்கள். காணிக்குரியவரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது.

நாங்கள் அனுமதி எடுத்துத்தான் 2017 மே மாதம் எங்கள் பெட்டியை வைத்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று தண்டாகப் பிரிந்த ஒரு பேர்ச் மரத்தின் அடியில், கற்களால் மறைத்து வைத்தோம். கணவர் கொப்பியின் முதற் பக்கத்தில் எங்கள் மூவரின் பெயரையும் தமிழில் எழுதினார். அதன் பிறகு ஜேர்மனியர், போலந்துக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாயோடு உலாவ வந்த கிழவர் என்று எத்தனையோ பேர் அதற்குக் கீழே எழுதினார்கள். 2020 தை மாதம் அவர் எங்களை விட்டுப் போய்விட்டார். பெட்டி காட்டிலேயே இருந்தது. அதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியதற்குக் கீழே ஆட்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

2021 நவம்பர் 26ஆம் திகதி இரவு 'ஆர்வென்' புயல் வந்தது. வானிலை அவதான நிலையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. எங்கள் மாவட்டத்தில் பிறிஸ்லி வுட் என்ற இடத்தில் காற்று மணிக்கு 98 மைல், அதாவது ஏறக்குறைய 158 கிலோமீற்றர் வேகத்தில் வீசியதாகப் பதிவானது. பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. எங்களுக்கு ஐந்து நாட்கள் இல்லை. பக்கத்து வீட்டு மனிசி நடுங்கிக்கொண்டு வந்தபோது ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குக் கொளுத்திக் கொடுத்தேன். "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும் என்றேன்.

காட்டைப் போய்ப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. இங்குள்ள காடுகளில் அதிகம் நிற்பது சிற்கா ஸ்புரூஸ். எங்கள் சவுக்கு மரம்போல நேராக உயர்ந்து வளரும். ஈர நிலத்தில் அதன் வேர் ஆழமாக இறங்காது, தட்டுப்போலப் பரந்துதான் கிடக்கும். வழக்கமாகக் காற்று மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும். மரங்களும் அதைத் தாங்கும்படியே வேர் பிடித்திருந்தன. ஆர்வென் வடக்கிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் தீக்குச்சிப் பெட்டியைக் கொட்டிவிட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதையை அடைத்துத் தடை போட்டிருந்தார்கள்.

"அம்மா, நான் கீழால ஊர்ந்து போய் எடுத்துக்கொண்டு வாறன். பத்து நிமிசம்" என்றாள் மகள். கருவியின்படி பெட்டி 180 மீற்றர் தூரத்தில்தான் இருந்தது. தடைக்கு அருகில் நின்ற காட்டுத் தொழிலாளி ஒருவர் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். விழுந்த மரம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் வளைந்துபோன தண்டு இழுத்துப் பிடித்த வில் மாதிரி, எதையாவது அசைத்தால் ஆளை அடித்துவிடும். வேரோடு கிளம்பி நிற்கும் மண்தட்டு, தண்டின் பாரம் குறைந்தால் திரும்பத் தன் குழிக்குள்ளேயே சாயும். குழிக்குள் நிற்பவரின் கதி என்ன? தாங்களே மண்தட்டை இயந்திரத்தால் பிடித்துக்கொண்டுதான் மரத்தை அறுப்பதாகச் சொன்னார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவள் என்னுடன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா காணி உறுதியையும் என் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் வைத்துப் புதைத்தார். அடையாளம் வேலியோரத்து இரட்டைப் பனை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, பனையும் இல்லை. பங்கருக்கென்று தறித்திருந்தார்கள். கிணற்றடியிலிருந்து கால் வைத்து எண்ணி எண்ணி வளவு முழுவதும் கிண்டினார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கச்சேரிக்கும் நொத்தாரிசிடமும் அலைந்த அலைச்சல் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். எங்கள் பெட்டிக்கு அடையாளமான மரம் போனாலும் எண்கள் இருந்தன. 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளுக்குப் பனை நின்றாலென்ன, விழுந்தாலென்ன?

ஆனால் இன்னொரு பயம் பிடித்தது. மரங்களை அகற்ற வரும் கனரக இயந்திரம் பெட்டியை நசுக்கிவிட்டால்? காட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்காக எடுக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முதலில் கதைத்தவர் சிரித்தார் என்றே நினைக்கிறேன். மூன்றாம் முறை எடுத்தபோது, கொப்பியில் யாருடைய எழுத்து இருக்கிறது என்பதையும் சொன்னேன். எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். விளையாட்டின் பதிவில் 'தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, யாரும் தேடிப் போக வேண்டாம்' என்று போட்டேன். நான் போடாவிட்டால் யாராவது ஒரு பிள்ளை அந்த மரங்களுக்குள் புகுந்திருக்கும்.

2022 ஓகஸ்ட் மாதம் பாதை திறந்தார்கள். உள்ளே போனால் நிழலே இல்லை, வெறும் வெளி. கருவி பூச்சியம் மீற்றர் என்று காட்டிய இடத்தில் ஒரு குழியும் காய்ந்த கொப்புக் குவியலும்தான் கிடந்தன. கருவியும் ஐந்து, பத்து மீற்றர் பிழை காட்டும். வட்டம் வட்டமாகத் தேடினோம். ஒரு மணித்தியாலம் கழித்து, வெள்ளைப் பட்டையுள்ள ஒரு மரத்துண்டின் கீழ் நாங்கள் அடுக்கிய கற்களை மகள்தான் கண்டாள். அதைச் சுற்றி ஆரோ நீல மையால் தரையில் அடையாளம் போட்டிருந்தார்கள். இயந்திரத்தின் சில்லுத் தடம் அந்த இடத்தை விலத்திப் போயிருந்தது.

பெட்டியின் மூடி வெடித்துத் தண்ணீர் போயிருந்தது. கொப்பி பாண்போல ஊதியிருந்தது. மகள் பிரிக்கப் போனாள், நான் விடவில்லை. ஈரத் தாளை அவசரப்பட்டுப் பிரித்தால் கிழியும். கடும் வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் சுருங்கி நெளியும். இரண்டு நாளுக்குமேல் ஈரமாக விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, நனைய நனைய மாற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். வெள்ளத்தில் நனைந்த உறுதிகளுக்கும் படங்களுக்கும் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

நாலாம் நாள் முதற் பக்கம் தானாகவே பிரிந்தது. மையால் எழுதியவர்களின் பெயர்கள் பல நீலக் கறையாகிக் கரைந்திருந்தன. அவர் பென்சிலால் எழுதியிருந்தார். குளிருக்கும் ஈரத்துக்கும் பென்சில்தான் சரி என்று அன்று அவர் சொன்னபோது, நான் கவனிக்காமல் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்று பெயர்களும் அப்படியே இருந்தன. மகளின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததை அன்றுதான் கண்டோம். இரண்டு பேரும் சிரித்தோம்.

பழைய கொப்பி இப்போது வீட்டில் இருக்கிறது. செப்ரெம்பரில் புதுப் பெட்டியும் புதுக் கொப்பியும் கொண்டுபோய், இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்மதிலின் மூலையில் வைத்தோம். மகள் மூன்று பெயர்களையும் எழுதினாள், அந்தப் பிழையோடுதான். பாதி வழி வந்த பிறகுதான் பென்சிலைச் சீவி வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனோம்.