யுவான்மிங்யுவான்

யுவான்மிங்யுவான் என்பது சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் வடமேற்கில், ஹைதியான் மாவட்டத்தில் உள்ள பொதுப் பூங்கா ஆகும். சிங் மரபின் ஐந்து பேரரசர்கள் அடுத்தடுத்து வாழ்ந்து அரசு நடத்திய அரண்மனைத் தோட்டமாக இது முன்பு இருந்தது. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் இதைக் கொள்ளையிட்டன. பின்னர் பிரித்தானியப் படை தீ வைத்தது. ஆங்கிலத்தில் இதற்குப் 'பழைய கோடைக்கால அரண்மனை' என்று பெயர். ஆனால் பேரரசர்கள் கோடையில் மட்டும் வந்து போன இடமன்று இது. ஆண்டின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தனர். மேற்கே சற்றுத் தொலைவில் உள்ள இஹேயுவான் என்ற கோடைக்கால அரண்மனை வேறு. அதுவும் 1860இல் சேதமடைந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

உருவாக்கம்

காங்சி பேரரசர் 1707இல் தம் நான்காம் மகனுக்கு இவ்விடத்தைக் கொடுத்தார். அம்மகன் யோங்செங் பேரரசராக ஆனதும் இதைப் பெரிதாக்கினார். அவருக்குப் பின் வந்த சியான்லோங் காலத்தில் இது மூன்று தோட்டங்களின் தொகுதியாக வளர்ந்தது. மொத்தப் பரப்பு சுமார் 350 ஹெக்டேர். ஏரிகளையும் ஓடைகளையும் வெட்டி, அந்த மண்ணைக் குன்றுகளாகக் குவித்து, இடையிடையே மரக் கட்டடங்களை எழுப்பினர். இக்காட்சிகளில் நாற்பதைச் சியான்லோங் பட்டில் வரையச் செய்தார். 1744இல் முடிந்த அந்த ஓவியத் தொகுப்பு இன்று பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளது.

1747 முதல், சாங்சுன்யுவான் என்ற கிழக்குத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஐரோப்பியப் பாணி மாளிகைகள் சிலவும் கட்டப்பட்டன. இத்தாலிய இயேசு சபைத் துறவியும் ஓவியருமான காஸ்டிலியோனே மாளிகைகளை வடிவமைத்தார். பிரெஞ்சுத் துறவி பெனுவா நீரூற்றுகளுக்குப் பொறுப்பேற்றார். ஒரு மாளிகையின் முன்னே பன்னிரண்டு விலங்குத் தலைகள் கொண்ட நீர்க் கடிகாரம் இருந்தது. சீன ஆண்டுச் சக்கரத்தின் அவ்விலங்குகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக முறைவைத்து நீரைப் பீய்ச்சின. நண்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சின.

1860

இரண்டாம் அபினிப் போரின் முடிவில், அக்டோபர் தொடக்கத்தில் நேசப்படைகள் இங்கு வந்து சேர்ந்தன. சியான்ஃபெங் பேரரசர் அதற்குள் ரெஹேவுக்குத் தப்பிச் சென்றிருந்தார். கொள்ளை பல நாள் நடந்தது. பட்டு, பீங்கான், பச்சைக்கல் எல்லாம் போயின. பெக்கினீஸ் நாய்க்குட்டி ஒன்றும் போய் விக்டோரியா அரசியிடம் சேர்ந்தது. அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மறைக்க வேண்டிய செயலாக அன்று யாரும் இதை எண்ணவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சமாதானக் கொடியுடன் சென்ற குழுவினரைச் சிங் அரசு சிறைபிடித்தது; அவர்களில் பலர் சித்திரவதையில் இறந்தனர். இதற்குப் பழிவாங்க எல்ஜின் பிரபு தோட்டத்தை எரிக்க உத்தரவிட்டார். அக்டோபர் 18 அன்று தீ வைக்கப்பட்டது. பிரெஞ்சுத் தரப்பு இதில் சேர மறுத்தது. பிரித்தானியரின் சீனப் படையெடுப்பில் பஞ்சாப் படைப்பிரிவுகளும் மதராஸ் சாப்பர் என்ற பொறியாளர் படைப்பிரிவும் இருந்தன. எல்ஜின் 1862இல் இந்தியாவின் வைசிராயாகி, மறு ஆண்டு தர்மசாலாவில் இறந்தார்.

எது எஞ்சியது?

மரம் எரிந்தது, கல் நின்றது. சீன மண்டபங்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. தோட்டத்தின் மிகச் சிறு பகுதியான ஐரோப்பிய மாளிகைகளின் பளிங்குத் தூண்கள் மட்டும் நிலத்துக்கு மேலே நின்றன. இன்று பாடநூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் யுவான்மிங்யுவான் என்று காட்டப்படும் 'பெரிய நீரூற்று' வளைவு அவற்றில் ஒன்றே. சீனாவின் இழப்புக்கு அடையாளமாக நிற்பது ஐரோப்பியர் வடிவமைத்த கட்டடம் என்பதைப் பார்வையாளர் பலர் கவனிப்பதில்லை.

தீயோடு அழிவு முடியவில்லை. 1870களில் திரும்பக் கட்டும் முயற்சி தொடங்கிப் பணமின்றி நின்றது. 1900இல் மறுபடியும் கொள்ளை நடந்தது. பிற்காலத்தில் கல்லும் மரமும் பெயர்த்துச் செல்லப்பட்டன. இங்கிருந்த அலங்காரக் கல்தூண்கள் இரண்டைப் பக்கத்துப் பெய்ஜிங் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் காணலாம். உழவர்கள் குடியேறி ஏரிகளைத் தூர்த்து நெல் பயிரிட்டனர். 1976இல் பாதுகாப்பு நிர்வாகம் அமைந்தது. 1988இல் பூங்கா திறக்கப்பட்டது.

அரண்மனையைத் திரும்பக் கட்ட வேண்டுமா, இடிபாடாகவே விட வேண்டுமா என்ற வாதம் அன்றுமுதல் ஓயவில்லை. ஜூஹாய் நகரில் 1997இல் இதன் நகல் ஒன்று சுற்றுலாப் பூங்காவாகவே எழுந்தது. அசல் இடத்தில் பாலங்களும் சில கட்டடங்களும் மட்டும் சீரமைக்கப்பட்டன. 2005இல் நீர் கசியாமலிருக்க ஏரிப் படுகையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டபோது எதிர்ப்பு எழுந்து, அரசு பொது விசாரணை நடத்த நேர்ந்தது. விலங்குத் தலைகளில் எலி, எருது, புலி, முயல், குதிரை, குரங்கு, பன்றி ஆகிய ஏழும் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. குதிரைத் தலை 2020இல் இந்தப் பூங்காவுக்கே வந்து சேர்ந்தது.

பார்வையிடுதல்

மெட்ரோவின் நான்காம் தடத்தில் யுவான்மிங்யுவான் நிலையம் தெற்கு வாயிலருகே உள்ளது. நுழைவுச் சீட்டைத் தவிர ஐரோப்பிய இடிபாடுகளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் பெரும்பாலும் அங்கேதான். கோடையில் தாமரைக் குளங்களும் ஆட்களை ஈர்க்கின்றன. ஃபூஹாய் ஏரியில் படகு ஓடுகிறது.

பழைய அரண்மனையின் அமைப்பு விளங்க வேண்டுமானால் மேற்குப் பகுதிக்கு நடக்க வேண்டும். நடந்து பார்க்க அரை நாள் தேவைப்படும். அங்கு ஓர் ஏரியைச் சுற்றி ஒன்பது தீவுகள் உள்ளன. பண்டைச் சீனத்தின் ஒன்பது பிரிவுகளைக் குறிக்க அமைத்தவை அவை; பேரரசரின் வசிப்பிடம் இங்கேதான் இருந்தது. அருகில் 'வான்ஃபாங் அன்ஹே' என்ற மாளிகையின் அடித்தளம் நீரின் நடுவே தெரிகிறது. சுவஸ்திக வடிவில் 33 அறைகளுடன் கட்டப்பட்ட அதில் தங்குவதை யோங்செங் பெரிதும் விரும்பினார். சுவரும் கூரையும் இல்லை. அறைகளின் வரிசையைக் கல் அடித்தளத்தைக் கொண்டு கரையிலிருந்தே எண்ணிப் பார்க்கலாம்.