மண், நீர், மரம் காக்கும் படிப்பு: நம் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் விவசாயி வீட்டில் எழும் கேள்வி, பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்பதுதான். மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்பு ஆகியவை பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண்ணையும் நீரையும் மரத்தையும் காப்பது எப்படி என்று நான்கு ஆண்டுகள் சொல்லித்தரும் பட்டப்படிப்புகள் இருப்பது பலருக்குத் தெரியாது. "மண்ணைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்போரும் உண்டு. பார்ப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு. இப்படிப்பு கற்றுத்தருவது அளக்கும் முறையைத்தான்.

எங்கே படிக்கலாம்?

1906ஆம் ஆண்டு முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கிவந்த கோவையில், 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது. இதில் இயற்கை வளப் பாதுகாப்பைப் படிக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல். இரண்டாவது, கோவையிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரிகளில் பி.டெக். வேளாண் பொறியியல், மண், நீர்ப் பாதுகாப்பு இதில் ஒரு முக்கியப் பிரிவாகும். மூன்றாவது, மண்ணியலையும் பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. வேளாண்மை.

என்ன கற்றுத்தருகிறார்கள்?

சரிவான மானாவாரி நிலத்தில் மழைக்கு எவ்வளவு மண் அரித்துப் போகும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்க விஞ்ஞானிகளான விஷ்மையர், ஸ்மித் இருவரும் பல ஆண்டுச் சோதனைகளைக் கொண்டு இதனை உருவாக்கினர். திருத்திய கையேடு 1978ல் வெளிவந்தது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் அளவு, நிலத்தை மூடியிருக்கும் பயிர், காப்பு முறை ஆகிய ஆறு காரணிகள் இதில் பெருக்கப்படுகின்றன.

மழையை நாம் மாற்ற இயலாது. மண்ணின் தன்மையும் எளிதில் மாறாது. மற்றவை நம் கையில் உள்ளன. சம உயர வரப்புப் போட்டால் சரிவின் நீளம் குறைகிறது. தட்டைப்பயறு, கொள்ளு போன்றவற்றை விதைத்தாலும், சருகு மூடாக்கு இட்டாலும் மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதில்லை. சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாகிறது. பெருக்கல் கணக்கு என்பதால், எந்த ஒரு காரணியின் மதிப்பைப் பாதியாக்கினாலும் மண் இழப்பும் பாதியாகிறது.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால், சுமார் 5 டன் மண் போய்விட்டது என்று பொருள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் இட்ட தொழுவுரமும் சத்துகளும் அந்த மேல்மண்ணோடுதான் போகின்றன. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த இழப்பைத் தாங்கும் சக்தி இல்லை. நீரும் அப்படியே. ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதில் எவ்வளவு நிலத்தில் இறங்கிற்று, எவ்வளவு ஓடிற்று என்று அறிவதே நீரியல் பாடம்.

வனவியல் மாணவர், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, மரத்தின் உயரத்தையும் கொண்டு அதன் கன அளவைக் கணக்கிடக் கற்கிறார். வியாபாரி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் விலைக்கே வரப்பு மரத்தை விற்கும் குடும்பத்துக்கு இக்கணக்கின் அருமை புரியும்.

சேர என்ன தேவை?

பிளஸ் டூ மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாரித்து மாணவர்களைச் சேர்க்கிறார்கள். வேளாண் பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஏனைய படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியலுடன் உயிரியலும் படித்திருப்பது நல்லது. எனவே பிளஸ் ஒன் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனை மனத்தில் கொள்ள வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி 2021ல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. பிள்ளை படித்த பள்ளிகளின் சான்றுகளைப் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்துக்கொள்ள வேண்டும்.

வேலை கிடைக்குமா?

பட்டம் பெற்ற மாத்திரத்தில் அரசு வேலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வனத்துறை, வேளாண் பொறியியல் துறைப் பணிகளுக்குத் தேர்வு எழுத வேண்டும். இந்திய வனப்பணிக்கு மத்திய தேர்வாணையத்தின் தேர்வு. அதை வனவியல் படித்தோர் மட்டுமின்றி வேறு பல பட்டதாரிகளும் எழுதுகிறார்கள். போட்டி அதிகம். தேர்வில் வெற்றி கிட்டாதவர்களுக்கு நாற்றங்கால் தொழில், காகித ஆலைகளின் மரம் வளர்ப்புத் திட்டங்கள், நீர்வடிப்பகுதித் திட்டங்கள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. மேற்படிப்பு முடித்து ஆராய்ச்சிக்கும் போகலாம்.

விடுமுறையில் சொந்த நிலத்தில்

படிக்கும் காலத்திலேயே வீட்டுக்குப் பலன் கிடைக்கச் செய்யலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மூன்று வேலைகளை ஒப்படையுங்கள்.

ஒன்று, நிலத்தில் மூன்றடி ஆழக் குழி வெட்டி, மேல்மண் எத்தனை அங்குலம், அடியில் கடினப்படுகை உள்ளதா என்று பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு, கிணற்று நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கல்லூரிக்குத் திரும்பிய பின் மாதம் ஒருமுறை நீங்கள் எழுதி வாருங்கள். மூன்று, சம உயரக் கோட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். சம நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குச் சட்டத்தின் நடுவில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. அவ்வாறு மட்டம் பார்த்து முளை அடித்துக்கொண்டே போனால், வரப்புப் போட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இவ்வேலைகளுக்கு அதிகச் செலவு இல்லை. மழைக்கு முன்பே முடித்துவிட்டால், அடுத்த மழையில் நம் மண்ணும் நீரும் நம் நிலத்திலேயே தங்கும்.